போர்டு மூலையில் ஒரு பெயர்

எங்கள் பக்கத்துச் சிறு நகரங்களில் ஒரு காலத்தில் எந்தக் கடை போர்டைப் பார்த்தாலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். ஓர் ஆள் பெயர், அதை அடுத்து ‘ஆர்ட்ஸ்’. சில மூலைகளில் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும். டெலிபோன் நம்பர் பிற்பாடு வந்தது. கடையின் பெயரை ஊரே வாசிக்கும். மூலையில் இருந்த பெயரை வாசித்தவர்கள், நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன்கள்தான். கோவில்பட்டியில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கொஞ்ச நாளில் மூலையைப் பார்க்காமலே இது யார் கை என்று சொல்லப் பழகிவிட்டோம். ஒருவருடைய ‘க’ வயிறு தள்ளி நிற்கும். இன்னொருவர் ‘ழ’வின் வாலை அடுத்த எழுத்தின் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிறுத்துவார். அவருக்குப் பேரே ‘வால்’ என்று வைத்திருந்தோம்.

எழுபதுகளின் கடைசி அது. படிப்பு ஏறவில்லை, படம் மட்டும்தான் வருகிறது என்றால் வீட்டில் கவலைப்படுவார்கள். ஆனால் அப்படிப்பட்ட பையனுக்கும் ஊரில் போக்கிடம் இருந்தது. போர்டு எழுதுகிறவரிடம் கொண்டுபோய் விடலாம். அரசாங்கம் நடத்தும் ‘லோயர்’, ‘ஹையர்’ டிராயிங் பரீட்சைகளை எழுதி டிராயிங் மாஸ்டர் ஆகலாம். கொஞ்சம் கை தேறினால் சிவகாசி பிரஸ். துணிச்சல் இருந்தால் மதுரை, மெட்ராஸ் என்று சினிமா பேனர் கம்பெனி. கும்பகோணத்திலோ மெட்ராஸிலோ ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களை நாங்கள் கலெக்டர் ஆனவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். மெட்ராஸ் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கியது என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அங்கே சேர்ந்தால் மரத்தடியில் உட்கார்ந்து நாளெல்லாம் வரையலாம் என்று யாரோ சொன்னதே போதுமாக இருந்தது.

கோவில்பட்டிக்கு இந்த விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு. சி. கொண்டையராஜு இருந்த ஊர் அது. 1898இல் பிறந்தவர், 1976இல் மறைந்தார். நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதிக்கொண்டிருந்த ஓவியர். அரண்மனை, தர்பார், காடு, தெரு என்று ஆளுயரப் படுதாக்களில் எழுதி, மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவார்கள். சினிமா வந்து நாடகம் படுத்துப்போனபோது அவர் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த ஊர். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும், லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு லேபிளோடு நிற்குமா? காலண்டர் வந்தது. நாடகப் படுதாவில் பழகிய கை காலண்டர் படத்துக்குத் திரும்பியது. கொண்டையராஜுவும், அவரிடம் கற்ற டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் முதலியவர்களும் எழுதிய லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுக்கப் போய்ப் பூஜை அறைகளில் மாட்டிக்கொண்டார்கள். மீனாட்சி கல்யாணப் படத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தேதித்தாள் தீர்ந்த பிறகும் படத்தை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கனடாவிலிருந்து ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி எழுத வந்தார். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து அப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நாடகம் செத்தபோது ஓவியர் சாகவில்லை என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வர வேண்டியிருக்கிறது.

நான் போய் நின்ற இடம் அவ்வளவு பெரியதல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவரின் கொட்டகை. டர்பன்டைன் வாடையும் பீடி வாடையும் கலந்து அடிக்கும். தகரத்தை மரச்சட்டத்தில் அடித்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்து, மேலே எனாமல் இரண்டு கை ஓட்டி, சுவரோடு சாய்த்திருப்பார்கள். கூலி சதுர அடிக் கணக்கு. படம் இருந்தால் தனி. புதுப் பையனுக்கு முதல் வேலை பிரஷ் கழுவுவது. மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டு, நுனியை உதட்டால் ஒத்திக் கூராக்கி வைக்க வேண்டும். அணில் முடி பிரஷ்ஷை விறைக்க விட்டால் அண்ணாச்சி கை ஓங்குவார். பிறகு பெயின்ட் கலக்குவது. அதற்குப் பிறகு நூல் பிடிப்பது. சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடிக்க, அண்ணாச்சி நடுவில் சுண்டுவார். தகரத்தில் வெள்ளைக் கோடு விழும். மேல்கோடு, கீழ்க்கோடு. கொம்புக்கும் சுழிக்கும் அவற்றை மீற அனுமதி உண்டு. எவ்வளவு மீறலாம் என்பதுதான் வித்தை.

ஒருநாள் ‘எண்ணெய்க் கடை’ என்று ஒரு போர்டு வந்தது. ஏழு எழுத்து. மற்றொரு பையன் தகரத்தை ஏழு பாகமாகப் பிரித்துக் கோடு போட்டுவிட்டான். அண்ணாச்சி வந்து பார்த்தார்.

“ஏல, இதுல ‘ண’ எத்தன?”

“ரெண்டு, அண்ணாச்சி.”

“கொம்பு எத்தன?”

அவன் முழித்தான். ‘ணெ’வுக்கு முன்னால் ஒன்று, ‘டை’க்கு முன்னால் ஒன்று. ‘ண’வோ மூன்று சுழி, இரண்டு எழுத்தின் அகலத்தைத் தின்னும். ‘ய’வுக்கும் ‘ட’வுக்கும் அவ்வளவு வேண்டாம். மேலே மூன்று புள்ளி வேறு. “முதல்ல எண்ணு, பொறவு தொடு” என்று சொல்லிவிட்டு, கோட்டையெல்லாம் துணியால் துடைத்தார். நுனியில் துணிப்பந்து சுற்றிய ஒரு முழக் கம்பைத் தகரத்தில் ஊன்றினார். மணிக்கட்டை அதன்மேல் வைத்து, நடு எழுத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் போனார். முதலில் நிற்கும் கோடுகள் எல்லாம், பிறகு சுழிகள், கடைசியாகப் புள்ளிகள். இரண்டு ஓரத்திலும் விட்ட இடம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. அவர் அளக்கவேயில்லை. இன்று கம்ப்யூட்டரில் எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டவும் குறைக்கவும் பொத்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களில் அந்த இடைவெளி சரியாக அமையாமல் கண்ணை உறுத்தும் பெயர்ப் பலகைகளைத் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். அண்ணாச்சியின் கண் அதைப் பொறுத்திருக்காது.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. பாடப்புத்தகமும் பத்திரிகையும் மாறிய வேகத்தில் தகரம் மாறவில்லை. துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பழைய ‘லை’ அண்ணாச்சிக்குப் பிரியமான எழுத்து. ‘சிகை அலங்கார நிலையம்’ என்று எழுதும்போது அதில்தான் கையை வீசுவார். “முதலாளி, பழசா புதுசா?” என்று கேட்டுக்கொண்டு எழுதிய காலம் ஒன்று இருந்தது. கட்சிக்காரர்கள் சுவருக்கு வந்தால் ‘அண்ணா’வில் கடைசி எழுத்து எப்படி வர வேண்டும் என்பதில் கறாராக இருப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு வகை எழுத்தும் பல வருஷம் எதிரெதிரே நின்றன. நம் எழுத்து மாறிய கதையை எழுத வேண்டியவர்கள் அந்தத் தகரங்களைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

அங்கிருந்து நான் சிவகாசிக்குப் போனேன். லித்தோ காலத்துப் பெரியவர்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள். மூலப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் மஞ்சள் எங்கே, சிவப்பு எங்கே, நீலம் எங்கே என்று மனதுக்குள்ளேயே பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ புள்ளி புள்ளியாக வைத்தவர்கள் அவர்கள். அம்மன் கன்னத்தில் இருக்கும் ரோஜா நிறம் எந்த மையிலும் இல்லை. சிவப்புப் புள்ளி எவ்வளவு நெருக்கம், மஞ்சள் எவ்வளவு விலகல் என்பதில் இருக்கிறது. ஒரு கன்னத்துக்கு ஒரு பொழுது ஆகும். நான் போன நேரம் கேமரா அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. இருந்தும் அவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ரீடச்சிங் மேசைக்கு மாற்றினார்கள். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பாசிட்டிவ் பிலிமைப் போட்டு, மருந்து தொட்ட பிரஷ்ஷால் தடவிப் புள்ளிகளைக் கரைத்துச் சிறிதாக்குவார்கள். கேமராவுக்குத் தெரியாத கன்னம் அவர்களுக்குத் தெரியும். அதனால் கேமராவுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

மெட்ராஸ் பத்திரிகை ஆபீஸ்கள் வேறு உலகம். ‘கல்கி’யில் பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும்தான் இன்றுவரை தமிழர் மனதில் அவர்களுடைய முகம். விகடனில் மாலி, கோபுலு. கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து ‘தென்னாட்டுச் செல்வங்க’ளுக்காகச் சிற்பங்களை வரைந்த சில்பி. நான் போனபோது அவர்கள் எல்லோரும் பெயராகிவிட்டிருந்தார்கள். மேசையில் பழைய பைண்டு வால்யூமாகத்தான் பார்த்தேன். கே.எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்டு எழுத்தின் உருண்டைத்தனத்தை உடைத்து, பிரஷ் போன போக்கைக் கோணலாகவே விட்டிருந்தார். தமிழ் எழுத்து இப்படியும் நிற்குமா என்று இருந்தது. கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட கோட்டுப் படங்களில் எங்கள் ஊர் வெயில் அப்படியே இருந்தது.

என் வேலை அவ்வளவு உயரத்தில் இல்லை. கதைத் தலைப்பைக் கையால் எழுதுவது, புரோமைடைக் கத்தரித்து ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டுவது, ராட்ரிங் பேனாவால் கட்டம் போடுவது. ஒரு வரி விட்டுப்போனால் பழைய புரோமைடிலிருந்து எழுத்து எழுத்தாகப் பொறுக்கி ஒட்டுவோம். மாதத்துக்கு ஒரு சம்பளம், வாரத்துக்கு ஒரு இதழ், விரலில் எப்போதும் ஒரு பிளேடு வெட்டு. சந்தோஷமாக இருந்தேன்.

மவுன்ட் ரோட்டில் நடந்தால் பேனர்கள். இன்றைய இளைஞர்களுக்கு அந்த அளவைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கிட்ட நின்றால் பச்சையும் ஊதாவுமாக வெறும் தீற்றல். தெருவுக்கு எதிர்ப்பக்கம் போனால் சிவாஜி முறைப்பார். நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் பச்சையைத் தொட்டார்களே, அந்தத் தைரியம் எந்தக் கல்லூரியில் வந்தது? பம்பாயில் எம்.எஃப். உசேன்கூட சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவர்தான். நம் ஊரில் எம்.பி. தக்ஷிணா என்ற பேனர் ஓவியரோடு சேர்ந்து தாரா பதிப்பகம் ஒரு புத்தகமே கொண்டுவந்தது.

பேனர் கம்பெனியில் ஒரு வரிசை இருந்தது. வந்தவுடன் துணி தைப்பது, பூச்சு அடிப்பது, வாளி தூக்குவது. பிறகு பின்னணி வானம். பிறகு உடை, மடிப்பு. பிறகு எழுத்து. கடைசியில்தான் முகம். முகம் எழுத விட்ட நாளில் அந்த ஆள் தன் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போவார். போர்டுக் கொட்டகையிலும் இதே ஏற்பாடு, சிவகாசி மேசையிலும் இதே ஏற்பாடு. யாரும் பாடத்திட்டம் எழுதி வைக்கவில்லை. வாளியில் ஆரம்பித்து முகத்தில் முடியும் ஒரு பாதை, ஊதியத்தோடு, ஊர் ஊருக்கும் இருந்தது.

பிளெக்ஸ் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்களில் அது எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ராத்திரி சொன்னால் காலையில் பேனர். தகரமும் போயிற்று, துணியும் போயிற்று, சுவரும் போயிற்று. நாடகம் போனபோது காலண்டர் வந்தது, லித்தோ போனபோது ரீடச்சிங் வந்தது என்று பார்த்தோமே, பிளெக்ஸ் வந்தபோது அந்த மாதிரி நகர்ந்து உட்கார அடுத்த மேசை இல்லை. பெரியவர்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடிக்கப் போனார்கள். சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, பிரஷ் கழுவ வரும் பையன் நின்றுபோனது. தொழில் நசிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பையன்தான் கண்ணில் நிற்கிறான். கையால் செய்யும் வேலை இன்றும் எங்கெங்கோ கிடக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கும் கொட்டகைதான் இல்லை.

வேலை கிடக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. சென்னை மாநகராட்சி 2010ஐ ஒட்டிய வருஷங்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கச் சாலையோரச் சுவர்களில் படம் எழுத வைத்தபோது, பிளெக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்களுக்குக் கொஞ்ச காலம் சாப்பாடு கிடைத்தது. 2020இல் கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் நெட்டைச் சுவர்களில் முகங்கள் எழுந்தன. அதைச் செய்த ஸ்டார்ட் இந்தியா அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹனீஃப் குரேஷி, வடநாட்டு போர்டு பெயின்டர்களின் எழுத்துகளைத் தேடிச் சேர்த்து எழுத்துருவாக்கியவர். 2024இல் இளம் வயதிலேயே போய்விட்டார். தமிழ் போர்டு எழுத்துக்கு அப்படி உட்கார்ந்து ஒரு வேலை செய்ய யாராவது வர வேண்டும் என்பது என் ஆசை.

மஞ்சப்பை இன்னொன்று. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். பையில் கடைப் பெயர் போட ஸ்கிரீன் பிரின்டிங் வேண்டும். சட்டம், வலை, ஸ்குவீஜி, ஒரு மேசை இருந்தால் வீட்டிலேயே தொடங்கிவிடலாம். அதே ஸ்கிரீன் வேலையை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பார்க்கத் திருவான்மியூரில் இருக்கும் தாரா பதிப்பகத்துக்குப் போக வேண்டும். 1994இல் கீதா உல்ஃப் தொடங்கியது. ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற அவர்களுடைய புத்தகத்தில் கோண்டு ஓவியர்களின் மரங்கள் கறுப்புத் தாளில் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு நிறமும் கையால் இழுத்து அச்சிட்டது, தையலும் கையால். உலகமெங்கும் அதை வாங்குகிறார்கள். கறுப்பின்மேல் மை மேடாக நிற்பதை விரலால் தடவிப் பார்த்தேன், மை வாசனைகூடப் போகவில்லை.

இன்னும் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு விமானத்தில் வர்ணம் தீட்டும் வேலை. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு எழுதும் வேலை. பழைய காலத்துக் கதை எடுக்கும் சினிமாவில் கலை இயக்குநரோடு சேர்ந்து அந்தக் காலத்து போர்டும் சுவரும் எழுதும் வேலை. இதில் கூலி பரவாயில்லை. டிராயிங் மாஸ்டர் வழிதான் சோகம். 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்குப் பகுதி நேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். படம் வரையும் பிள்ளைக்கு முதலில் ‘சபாஷ்’ சொல்ல வேண்டியவரை இப்படி வைத்திருப்பது நியாயமே இல்லை.

டிசைன் படித்துவிட்டு, நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் எரிகிறது, கையால் ஏதாவது செய்து பிழைக்க முடியுமா என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் வருகிறார்கள். முடியும் என்றுதான் சொல்கிறேன். 1966இல் சோழமண்டலத்தில் கூடிய ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்ற பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் மண் வாங்கினார்கள். கே.சி.எஸ். பணிக்கர் அவர்களுக்குத் தலைவர். கைத்தொழில் செய்தால் கலை கெட்டுவிடும் என்று அவர்கள் பயப்படவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் யூடியூபைப் பார்த்து வெள்ளைக்காரன் எழுதும் ஆங்கில எழுத்தைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ‘எண்ணெய்க் கடை’யில் எத்தனை கொம்பு என்று அங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

அதைச் சொல்லித் தரக்கூடியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அறுபது, எழுபது வயது. டிஸ்டெம்பர் அடித்துக்கொண்டிருக்கலாம், பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டுக்கொண்டிருக்கலாம். ஓவியக் கல்லூரிகளும் விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளும் அவர்களைக் கூப்பிட்டு, வந்துபோகிற பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுத்து வகுப்பெடுக்கச் சொல்ல வேண்டும். பட்டம் இல்லை என்று வாசலில் நிறுத்தக் கூடாது. கடை திறக்கப் போகிறவர்கள் ஒரே ஒரு போர்டையாவது அவர்களிடம் எழுதக் கொடுங்கள். பிளெக்ஸைவிடக் கூட ஆகும், நான்கு நாள் தாமதமும் ஆகும், ஆனால் வெயில் மழை தாங்கிப் பல வருஷம் நிற்கும். எழுதி முடித்ததும் மூலையில் பெயர் போட மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடப் பிரஷ் கழுவிய பையனோ பெண்ணோ இருந்தால் அந்தப் பெயரையும் சேர்த்து.